எறிப்பு என்றுதான் சொன்னா

துணுக்காய்ப் பக்கத்தில், விவசாயிகளுக்கான ஒரு கமநல அலுவலகத்தில் எழுதுவினைஞனாக இருந்த காலத்தில், ஒருவர் சொல்லச் சொல்ல எழுதிய விண்ணப்பத்தில் ஒரே ஒரு சொல்லை மாற்றினேன். உதவி செய்வதாகத்தான் நினைத்தேன்.

சொன்னவரை நாங்கள் கடைசி வயல் அக்கா என்போம். கணவரை இழந்தபின் மூன்று ஏக்கரைத் தனியே விதைத்தவர். வாய்க்கால் முடிகிற இடத்தில் அவரது வயல்.

"ரெண்டு கிழமையா ஒரே எறிப்பு, தம்பி. பயிர் குடலையிலை நிக்குது, கதிர் இன்னும் வெளியிலை வரேல்லை. மேல் வயல்காரர் மறிக்கினம், எனக்குத் தண்ணி வருகுதில்லை. அதை எழுதுங்கோ."

நான் யாழ்ப்பாண நகரத்தில் வளர்ந்தவன். எறிப்பு என்றால் எனக்குக் கடும் வெயில், அவ்வளவுதான். அலுவலகக் காகிதத்துக்கு அது போதாது என்று நினைத்து, 'வறட்சியால் பயிர் அழிகிறது' என்று தொடங்கி, மீதியை அவர் சொன்னபடியே எழுதினேன். வாசித்துக் காட்டவில்லை. அவர் நம்பிக் கையெழுத்து வைத்தார்.

பார்வையிட வந்தவர்கள் குளக்கட்டில் ஏறினார்கள். குளத்தில் பாதிக்கு மேல் தண்ணீர். "எங்கை வறட்சி?" என்று கேட்டு, பொய் முறைப்பாடு என்று குறித்துவிட்டு, வயலுக்குப் போகாமலே திரும்பிவிட்டார்கள்.

மறுநாள் அக்கா வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"நான் எறிப்பு எண்டுதானே சொன்னனான். வறட்சியெண்டா குளம் வத்தும், கிணறு வத்தும், மாட்டுக்கும் தண்ணி இராது. எறிப்பெண்டா வெயில்தான் விடாது. தண்ணி கிடக்கும், திறந்துவிட்டாப் பயிர் தப்பும். நான் கேட்டது தண்ணி. நீங்கள் என்னைப் பொய்க்காரியாக்கிப் போட்டியள்."

அன்றே மேலதிகாரியிடம் சொல்லை மாற்றியது நான்தான் என்றேன். நன்றாக ஏசினார். பிறகு மோட்டார் சைக்கிளில் என்னையும் ஏற்றிக்கொண்டு அந்த வயலுக்குப் போனார். வாய்க்கால் காய்ந்து கிடந்தது. பாதி மட்டும் வெளிவந்த கதிர்கள் நுனி வெளுத்திருந்தன. கமக்காரரைக் கூட்டி தண்ணீர்ப் பங்கீட்டு முறையை மாற்றி, ஐந்தாம் நாள் அவரது வயலுக்குத் தண்ணீர் விட்டோம். இரண்டு ஏக்கர் தப்பியது. ஒரு ஏக்கர் முழுவதும் பதர். முதல் நாளே அவர் சொன்னபடி எழுதியிருந்தால் அதுவும் நெல்லாகியிருக்கும்.

இப்போதும் வானொலியில் வறட்சி என்று கேட்டால், குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்றுதான் முதலில் நினைக்கிறேன்.

அடுத்த சிறுபோகப் பயிர்க்காலத்திலும் அக்கா வந்தார். நான் தாளை எடுத்து, "சொல்லுங்கோ அக்கா" என்றேன்.

"வேண்டாம் தம்பி, நானே எழுதிக்கொண்டு வந்தனான்."

கோணல் எழுத்து, இரண்டு பிழை. எதையும் திருத்தாமல் முத்திரை குத்தினேன்.