ஹஸ்கி என்றால் உமி

என் குரல் கரகரப்பானது. எண்பதுகளில் பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் போன் எடுக்கும் வேலை பார்த்தேன். அழைப்பவர்களில் பாதிப் பேர் பெண் என்று தெரியாமல் என்னை "சார்" என்பார்கள். மேனேஜர் மட்டும் ஒருநாள், என் குரல் ஹஸ்கியாக இருக்கிறது, கேட்க நன்றாயிருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

விடுவேனா, அகராதியைப் புரட்டினேன். ஹஸ்க் என்றால் உமி. உமிபோல் காய்ந்தது ஹஸ்கி. பிறகு, காய்ந்த தொண்டையிலிருந்து வரும் குரலுக்கும் அதுவே பெயராகிவிட்டது. உமியைக் குறிக்கும் அந்தச் சொல்லே பழைய டச்சு மொழியின் 'குட்டி வீடு' என்பதிலிருந்து வந்திருக்கலாமாம். தானியம் குடியிருக்கும் வீடு! சளி பிடித்தவன் குரலும் ஹஸ்கிதான். ஆனால் ஒரு பெண்ணின் குரலை அப்படிச் சொன்னால் பெரும்பாலும் பாராட்டு.

ஆயர் ஈத்தாமில் இருந்த எங்கள் ஃப்ளாட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"இங்கிலீஷ்காரனா ஒன்னக் கட்டிக்கப் போறான்?" என்றாள்.

அவள் கவலை அவளுக்கு. அந்த ஞாயிறு கடலுக்கு அக்கரையில் இருக்கும் பாகான் டாலாமிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். "வாயத் தொறக்காத. தொண்ட கட்டியிருக்குன்னு நான் சொல்லிக்கிறேன்" என்று அம்மாவின் உத்தரவு. கழுத்தில் மஃப்ளர் வேறு, பினாங்கு வெயிலில்! நான் கேசரி நீட்டியபோது மாப்பிள்ளை, "மொதல்ல அவங்களுக்குச் சுடுதண்ணி குடுங்க லா" என்றார். அங்கேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

பிடித்து என்ன செய்ய? பரிசம் பேச வந்தார்கள், தொண்டை கட்டியிருந்தது. பூ வைக்க வந்தார்கள், அப்போதும் கட்டியிருந்தது. உலகத்திலேயே நீளமான ஜலதோஷம் எனக்குத்தான். மாப்பிள்ளையின் அம்மா, பாவம், ஃபெரி ஏறி வந்து இஞ்சியும் தேனும் கொடுத்துவிட்டுப் போவார். அம்மா கூசாமல் வாங்கி வைப்பாள். ஒருநாள் அந்த அம்மாள் கண் கலங்கிவிட்டார்.

"இன்னும் ஆறலன்னா எனக்குப் பயமா இருக்கு அக்கா. நாளைக்கே ஸ்பெஷலிஸ்ட்கிட்ட காட்டிருவோம். நானே கூட்டிட்டுப் போறேன்."

என்னால் தாங்க முடியவில்லை. "அத்தை, எனக்கு ஒண்ணும் இல்ல. பொறந்ததுலேருந்து என் குரலே இதுதான்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "நல்லாத்தானேம்மா இருக்கு!" என்றவர் அம்மா பக்கம் திரும்பினார். "இதுக்குப் போயா இத்தன நாளு பொய் சொன்னீங்க? இன்னும் என்னென்ன மறச்சு வச்சிருக்கீங்களோ!"

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். சம்பந்தம் அதோடு முறிந்தது.

குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு வாய்விட்டு அழுதேன். அம்மா வந்து கதவைத் தட்டினாள். ஆறுதல் சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"மெதுவா அழுடி" என்றாள். "பக்கத்து வீட்டுக்குக் கேக்குது."