ஒரு பாட்டு போதும்

இடது கை விரல் நுனியை மூக்கருகே கொண்டுபோனால் தேங்காய் எண்ணெயும் கம்பியும் கலந்து ஒரு வாசனை வரும். வீணை கற்றுக்கொண்டவர்களுக்குத் தெரியும். கம்பியை அழுத்தி அழுத்தி ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் கறுப்பாக ஒரு கோடு விழுந்துவிடும். ஆபீஸில் டைப் அடிக்கும்போது அந்த இடம் வலிக்கும்...

எனக்கு அந்த வலி அவ்வளவு பிடித்திருந்தது.

அப்போது ஒக்கலிபுரத்தில் இருந்தோம். எம்.ஜி. ரோடில் ஒரு ஆபீஸில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சின்ன வயதில் வீணை கேட்டபோதெல்லாம் "முதல்ல படிப்பப் பாரு" என்று வாயை அடைத்துவிட்டார்கள். இப்போது என் சம்பளம், என் ஞாயிற்றுக்கிழமை. யாரைக் கேட்க வேண்டும்?

ஆனால் டீச்சர் கிடைக்க வேண்டுமே! போனைத் தடவினால் வரிசையாக வந்து நிற்கும் காலமில்லை அது. கோயிலில் விசாரித்து, வீணை விற்கும் கடையில் விசாரித்து, கேட்டில் போர்டு தொங்கிய வீடாகப் பார்த்து ஏறி இறங்கினேன். போன இடத்திலெல்லாம் ஒரே கேள்வி. சேஷாத்ரிபுரத்தில் ஒரு அம்மா கதவை முழுசாகத் திறக்காமலே கன்னடத்தில் "மதுவே யாவாக?" என்றார். கல்யாணம் எப்போது என்று கேட்கிறார்... வீணை கற்றுக்கொள்ள வந்தவளிடம்!

எனக்காகத்தான் கற்றுக்கொள்கிறேன் என்றேன். சிரித்துக்கொண்டே கதவைச் சாத்திவிட்டார்.

கடைசியில் மல்லேஸ்வரத்தில் கமலா மிஸ் கிடைத்தார். தமிழ்க்காரர். அந்தக் கேள்வியைக் கேட்காத ஒரே ஆள். வெற்றிலை பாக்கு பழத்தோடு அம்மாவை ஒரு தடவை கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். பாடம் ஆரம்பிக்கும்போது அதுதானே முறை. அம்மா வந்தாள், தட்டைக் கொடுத்தாள். நான் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதலில் சரளி வரிசை. ச ரி க ம என்று ஏறி இறங்கும் ஆரம்பப் பாடம். அது கைக்கு வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஸ் சொன்னார்: "உனக்கு நல்லா வருதும்மா. நேரா பாட்டுக்கே போயிடலாம்."

ஜண்டை வரிசை இல்லை, அலங்காரம் இல்லை, கீதம் இல்லை... எல்லாவற்றையும் தாண்டி ஒரு சின்ன கீர்த்தனை! எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆபீஸில் எல்லோரிடமும் "டபுள் ப்ரமோஷன்" என்று பீற்றிக்கொண்டேன்.

மாதக்கணக்கில் அதே பாட்டு. எனக்குப் பின்னால் சேர்ந்த ஒரு ஸ்கூல் பெண் பக்கத்தில் உட்கார்ந்து ஜண்டை வரிசையை முடித்து, அலங்காரத்தை முடித்து, கீதத்துக்குப் போய்விட்டாள். நான் அதே பாட்டில் நின்றேன்.

"மிஸ், அடுத்த பாட்டு எப்போ?"

"எதுக்கும்மா? பொண்ணு பாக்க வர்றப்போ வாசிக்க ஒரு பாட்டு வந்தா போதும்னு உங்கம்மா அன்னிக்கே சொல்லிட்டாங்களே. அதான் நல்லா வருதே உனக்கு!"

மிஸ் முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். வீட்டுக்கு வந்து கத்தினேன். அம்மா அசரவே இல்லை. "நீ என்ன கச்சேரியா பண்ணப் போறே? வர்றவங்க ஒரு பாட்டுக்கு மேல கேப்பாங்களா? சும்னே கத்தாதே."

வந்தார்கள். சொஜ்ஜி, பஜ்ஜி, நடுவில் வீணை. அம்மா கண்ணால் ஜாடை காட்டினாள்.

நான் அந்தப் பாட்டை வாசிக்கவில்லை. சரளி வரிசை வாசித்தேன். முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம்... ஏறி, இறங்கி, மறுபடி ஏறி. மனதில் இருந்த கோபத்தை எல்லாம் கம்பியில் காட்டினேன். அம்மா முகம் வெளுத்துவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்!

மறுநாள் போன் வந்தது. "பொண்ணு பிரமாதமா வாசிக்கிறா. எங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

அது பாட்டே இல்லை என்பது ஒருத்தர் காதிலும் விழவில்லை. பெண்ணுக்கு வீணை தெரியுமா, தெரியும். அவ்வளவுதான் விஷயம்.

என்னைக் கட்டிக்கொண்டவர் நல்ல மனுஷர்தான், இன்றுவரை அவர்மேல் எனக்குக் குறை இல்லை. கமலா மிஸ் மேல்தான் ஆறவில்லை. கல்யாணம் நிச்சயமானதைச் சொன்னதும் குங்குமம் கொடுத்து, "வந்த காரியம் ஆச்சு" என்று வாழ்த்தினார். அடுத்த ஞாயிறு போனேன். என் இடத்தில் இன்னொரு பெண் உட்கார்ந்து அதே பாட்டை வாசித்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணமாகிப் போன பொம்மனஹள்ளி வீட்டு ஹாலில் என் வீணை பூப்போட்ட உறையோடு நின்றது. வருகிறவர்கள் பார்ப்பார்கள். யாரும் வாசிக்கச் சொன்னதில்லை. விரலில் இருந்த கோடும் எப்போதோ மறைந்துவிட்டது.

போன மாதம் மறுபடி டீச்சர் தேடினேன். இப்போது எல்லாம் ஆப்பில்தானே. நம்பரைப் போட்டதும் ஒரு பையன் போன் பண்ணினான்.

"மேம், குழந்தைக்கு என்ன வயசு?"

"குழந்தை இல்லப்பா. எனக்குத்தான்."

"ஓ... ஏதாவது ஃபங்ஷனா மேம்? எங்ககிட்ட ஒன் சாங் பேக்கேஜ் இருக்கு. ஒரே பாட்டு, வீடியோ எடுக்கற அளவுக்கு ரெடி பண்ணிடுவோம்."

அந்தப் பையன்மேல் நான் கத்திய கத்தல் பக்கத்து ஃப்ளாட்டுக்குக் கேட்டிருக்கும். பாவம், அவனுக்கு என்ன தெரியும்? அன்றைக்கு அம்மா மட்டும் ரகசியமாகச் சொன்னதை இன்றைக்கு விலை போட்டு விற்கிறார்கள்.

கடைசியில் ஈஜிபுராவில் ஒரு சின்னப் பெண் டீச்சர் கிடைத்தாள். "தெரிஞ்சத வாசிங்க ஆன்ட்டி, பாக்கலாம்" என்றாள்.

விரலை வைத்தேன். இத்தனை வருஷம் கழித்து, ஒரு இடத்தில்கூடத் தப்பாமல், அந்தப் பாட்டு முழுசாக வந்தது. பாழாய்ப்போன அந்தப் பாட்டு.

"சூப்பர் ஆன்ட்டி!" என்று கை தட்டினாள்.

"இத எனக்கு மறக்க வைக்க முடியுமாம்மா?" என்றேன்.

ஜோக் என்று நினைத்துச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. கம்பி பட்ட இடம் லேசாக வலித்தது.

வரும் சனிக்கிழமை ஜண்டை வரிசை ஆரம்பிக்கிறோம்.