விழுந்து மறைத்தேன்

அந்த வீட்டு வளவுக்குள் கால் வைக்க முதலே அந்தச் சத்தம் கேட்டது. யாரோ கல்லில் துணி அடித்துத் தோய்க்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். பிறகு ஒரு பெண் கத்தினாள்.

எங்கள் மாதா கோயிலில் நாங்கள் சில பெண்கள் சனிக்கிழமைகளில் சமைத்து, படுக்கையில் கிடப்பவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்போம். நாரந்தனைப் பக்கம் என் பொறுப்பு. அந்த வீட்டில் பாரிசவாதம் வந்து கிடந்த ஒரு வயோதிபர் இருந்தார். அவரைக் கழுவித் துடைத்துப் பார்த்தவள் மருமகள். அவளை அடித்தவன் மகன். அவன் குடிப்பான், கை நீட்டுவான் என்று ஊருக்கே தெரியும். என் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

முற்றத்தில் அவளுடைய தலைமயிரைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு மண்வெட்டிப் பிடியால் அடித்துக்கொண்டிருந்தான். அவள் வாயிலிருந்து வழிந்த இரத்தத்தில் சட்டை நனைந்து மார்போடு ஒட்டியிருந்தது. அறைக்குள்ளிருந்து தகப்பன், சொல் வராத வாயால் ஊளையிட்டார்.

"தம்பி, விடும் அவவை!"

"சோறு குடுக்க வந்தனீர். குடுத்திட்டுப் போம்."

முந்தின ஞாயிறு சுவாமியார் பிரசங்கத்தில், "ஆண்டவருக்கு அரைமனதோடை ஒண்டும் செய்யாதேங்கோ. செய்யிறதெண்டால் முழுசாய்ச் செய்யுங்கோ" என்று சொல்லியிருந்தார். அதை நான் சமையலுக்கு என்று எடுத்துக்கொண்டேன். அன்று காலையில் அரிசியை நன்றாகக் களைந்தேன், குழம்புக்குத் தேங்காயின் முதற்பாலைக் குறைக்காமல் விட்டேன். முற்றத்தில் நின்றபோது, இதுவரை நான் கொடுத்ததெல்லாம் சுகமாகக் கொடுக்கக் கூடியவைதான் என்று தெரிந்தது. பையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவள்மேல் விழுந்தேன். அடுத்த அடியை என் வலது கை வாங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அதற்குப் பிறகும் அடித்தான். அவளுடைய தலையை என் நெஞ்சுக்குக் கீழே அமர்த்திப் பிடித்தேன். அயலவர்கள் ஓடி வர, வேலி பாய்ந்து ஓடிவிட்டான்.

பொலிஸ் பிடித்தது, பிணையில் விட்டது. அவளைத் தமையன்மார் வேலணைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கிழவர் அப்படியே கிடந்தார். கோயிலில் மற்றப் பெண்கள், "இனி அங்கை போகாதையும், வேறை ஆரும் போகட்டும்" என்றார்கள். வேறு யாரும் போக முன்வரவில்லை. மாக்கட்டுப் போட்ட கையோடு நான் நடந்தே போனேன். அவன் வீட்டில் இல்லாத நேரமாகப் போனேன்.

அப்படிப் போய்க்கொண்டிருந்த ஒரு மத்தியானம், கள்ளுத் தவறணைக்கு அங்கால் மதகடியில் அவனைக் கண்டேன். நிலத்தில் கிடந்தான். அவளுடைய தமையன்மார் இருவரும் மேலே நின்றார்கள். மூத்தவர் கையில் வாள். ஏற்கனவே வெட்டு விழுந்திருந்தது. அவனுடைய வலது கையில் விரல்கள் தொங்கின. இளையவர் விலாவில் உதைத்துக்கொண்டிருந்தார். தவறணை வாசலில் ஆம்பிளைகள் நின்றார்கள், ஒருவரும் அசையவில்லை.

எனக்கு அவனில் இரக்கம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், அடுத்த வெட்டு விழட்டும் என்றுதான் நெஞ்சு சொன்னது. நெஞ்சில் இரக்கம் வருமட்டும் பார்த்துக்கொண்டு நின்றால் அவன் செத்துவிடுவான். ஆண்டவரே, இப்போதைக்கு என் உடம்பை எடும் என்று சொல்லிக்கொண்டு போய் அவன்மேல் விழுந்தேன். கள்ளும் இரத்தமும் கலந்து மணத்தது.

"அக்கா, எழும்புங்கோ. உங்கடை கையை முறிச்சவன் இவன்!"

"ஓம் தம்பி. தெரியும். எழும்ப ஏலாது."

இளையவர் தலைமயிரில் பிடித்து இழுத்தார். கையோடு மயிர் போயிற்று. மூத்தவர் வாளைத் திருப்பி, மொட்டைப் பக்கத்தால் என் முதுகில் ஓங்கிப் போட்டார். மூச்சு நின்றது. அவனுடைய சட்டையைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். இன்னொரு அடி. பிறகு மூத்தவர் வாளை மதகுக்குள் எறிந்துவிட்டு, என் பக்கத்தில் குந்தியிருந்து அழத் தொடங்கினார். அதற்குப் பிறகுதான் தவறணை வாசலில் நின்றவர்கள் வந்தார்கள்.

அவன் தப்பினான். விரல்கள் தப்பவில்லை. தமையன்மார் இருவரையும் பொலிஸ் கொண்டுபோய் அடைத்தது.

சில கிழமை கழித்து அவள் என் வீட்டுக்கு வந்தாள். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"ஏன் அக்கா தடுத்தனீங்கள்? விட்டிருந்தால் அண்டைக்கே முடிஞ்சிருக்கும். இப்ப என்ரை அண்ணைமார் மறியலிலை. அவன் வீட்டிலை."

"செத்திருந்தால் அண்ணைமாருக்கு இன்னும் மோசம், பிள்ளை."

"அதுக்காகவோ விழுந்தனீங்கள்?"

"இல்லை. உமக்கு மேலை எப்பிடி விழுந்தனானோ, அப்பிடித்தான் அவனுக்கு மேலையும் விழுந்தனான். வேறை மாதிரி விழ எனக்குத் தெரியேல்லை."

"அப்ப அவனும் நானும் ஒண்டோ?"

ஒன்று மட்டும் சொன்னேன்: "அவனிட்டைத் திரும்பிப் போகாதையும். சுவாமியார் வந்து சொன்னாலும் போகாதையும்." அவள் போய்விட்டாள். வேலணையில் தையல் வேலை செய்கிறாளாம். நான் கண்டு வருடமாகிறது.

அவன் குடியை விட்டான் என்று சொல்ல முடியாது. என்னிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. ஒருநாள் நான் சாப்பாடு கொண்டுபோனபோது வாசலில் நின்று, "கை நோகுதோ?" என்றான்.

"நோகுது."

"எனக்கும்" என்றான்.

அவனில் எனக்கு இன்னும் அன்பு வரவில்லை. தினமும் முழங்காலில் நின்று கேட்கிறேன். இந்தச் சனிக்கிழமையும் போனேன். தகப்பனுக்கு நான் ஊட்டி முடியுமட்டும் அவன் உள்ளே வராமல் வெயிலில் நின்றான்.