பிரிஜெட் கொடுத்த வயிற்றுவலி மாத்திரை

பிரேசர் டவுனில் ஒரு மழலையர் பள்ளியில் முப்பது வருடமாக ஆயா வேலை பார்ப்பவர் பிரிஜெட். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கோயில் பாடகர் குழுவுக்கு முதல் ஆளாக வந்து ஃபேனைப் போட்டுவைப்பார். அவர் தோள்பையில் தலைவலி, சளி, வயிற்றுவலி என்று எல்லாவற்றுக்கும் மாத்திரை இருக்கும். யாராவது முகம் சுளித்தால் போதும், கேட்காமலேயே கையில் ஒன்றை வைத்துவிடுவார். அந்த அன்பை யாரும் மறுத்ததில்லை.

போன வருடம் மாதா திருவிழாவுக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. அடிக்குரலில் பாடும் லூர்துசாமி பாதிப் பாட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டு வருடம் முன்பு பைபாஸ் ஆனவர். குழுவில் எல்லாருக்கும் அது தெரியும். பிரிஜெட்டுக்கும் தெரியும், வயிற்றுக்கும் இதயத்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்றுதான் தோன்றவில்லை.

“இதைப் போடுங்கண்ணா. எனக்கு டாக்டர் எழுதிக் குடுத்தது. பிடிப்பு விட்டுடும்.”

பிடிப்பு விட்டது. ஆனால் முக்கால் மணி நேரத்தில் லூர்துசாமியின் முகம் சிவந்து சூடேறியது.

“பிரிஜெட், நெஞ்சு படபடன்னு அடிக்குதும்மா. நாக்கு காஞ்சு மேல ஒட்டிக்குது.”

பிரிஜெட் அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். எண்ண முடியாத வேகம். ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மாத்திரை அட்டையை வழி முழுக்கக் கைக்குள் இறுக்கி வைத்திருந்தார்.

இசிஜி எடுத்த டாக்டர் நிருபமா அட்டையைப் பார்த்தார். “யார் குடுத்தது?”

“நான்தான் டாக்டர்.”

“அட்டையைக் கொண்டு வந்தது ரொம்ப உபயோகம். இது குடலைத் தளர்த்துற மருந்து. ஆனா ஹார்ட்டை நிதானமா வெச்சிருக்குற நரம்பையும் தடுத்துடும். துடிப்பு ஏறிடும். நல்ல ஹார்ட் தாங்கிக்கும். இவர மாதிரி இருக்குறவங்களும், கண்ணுல பிரஷர், புராஸ்டேட் தொந்தரவு உள்ளவங்களும் டாக்டர்கிட்ட கேட்டுத்தான் போடணும். சில நேரம் வயித்துவலின்னு நாம நினைக்கிறதே ஹார்ட் வலியா இருக்கும், கொத்தா, தெரியுமா?”

பிரிஜெட் சுவரில் சாய்ந்து அழுதார். அப்போது லூர்துசாமியின் மனைவி மௌரீன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

“நீ ஏண்டி அழுவுற? குடுத்தா உடனே முழுங்கிடறதா இவரு? கேக்க வாய் இல்லையா?”

“வாய்தான் காஞ்சுபோச்சே,” என்றார் லூர்துசாமி கட்டிலிலிருந்து. மௌரீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

துடிப்பு மெல்ல அடங்கியது. மாரடைப்பு இல்லை என்று பரிசோதனைகளில் உறுதியானதும் மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அடுத்த இரண்டு சனிக்கிழமை பிரிஜெட் வரவில்லை. மூன்றாவது வாரம் லூர்துசாமியே அவர் வீட்டு வாசலில் போய் நின்றார்.

“உன் பக்கத்துல நிக்குற பொம்பளைங்க யாருக்கும் சுருதி சேரல. கெளம்பு.”

“உங்க மூஞ்சிய எப்படிண்ணா பாப்பேன்?”

“பாக்காத. பாட்டுப் புஸ்தகத்தப் பாரு.”

பிரிஜெட் வந்தார். பையில் இப்போது பிளாஸ்திரியும் தண்ணீர் பாட்டிலும்தான். அன்றைக்கே எல்லாரையும் உட்காரவைத்து, அவரவர் நோயையும் சாப்பிடும் மருந்தையும் ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைக்கச் சொன்னார். இப்போதெல்லாம் யார் வயிறு வலிக்கிறது என்றாலும் முதலில் கேள்விதான்: “ஹார்ட் கம்ப்ளைண்ட் இருக்கா? கண்ணுல பிரஷர்? புராஸ்டேட்?” கடைசிக் கேள்விக்கு ஆண்கள் வரிசை நெளியும். பிரிஜெட் விடமாட்டார். பதில் வந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு, டாக்டரிடம் தானே கூட்டிப்போவார்.