இரவில் தாழாத குருதி

என் தம்பி மாரிமுத்து, சோம்பேறி என்ற பழியோடு புதைக்கப்பட்டான். அப்பழியைத் துடைக்கவே இதனை எழுதிவைக்கிறேன்.

கனடாவின் ரொறன்ரோவில் மகள் வீட்டில் வாழும் என் உறக்கத்தை இப்போது ஒரு கைப்பட்டை காவல்செய்கிறது. இரவில் அது தானே இறுகிக் குருதியழுத்தத்தை அளந்து, தானே தளர்கிறது. துயிலும்போது அழுத்தம் தாழ வேண்டுமாம். தாழாது நின்றாலோ உயர்ந்தாலோ, பகலளவு செம்மையாயிருப்பினும் மூளைக்கும் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு நேரலாம் என்றாள் தாதி. என் முகம் சிவந்தது. "வலித்தால் கழற்றிவிடுங்கள்" என்றாள். கருவியின்மீது சினந்தேன் என்று எண்ணினாள் போலும்.

என் சினம் இலங்கையின் றக்வானைத் தேயிலை மலையில் இருந்தது. அங்கே எங்கள் தோட்ட மருந்தகத்தை நடத்தியவர் மருத்துவர் அல்லர். ஆயினும் 'டொக்டரையா' என்றே அழைக்க வேண்டும். வெளியே மர வாங்கில் நெடுநேரம் உட்காரவைத்து, நண்பகலில்தான் அழுத்தம் பார்ப்பார். விடியும்போதெல்லாம் தலைவலியால் துடித்த தம்பியையும் அப்படித்தான் பார்த்தார்.

"பிரஷர் நல்லாத்தானே இருக்கு? இது பொரு தலைவலி. மலைக்கு வேலைக்குப் போ!" என்றார். பொய்யைச் சிங்களச் சொல்லால் சொன்னால் அவருக்கு இனிக்கும்.

"ராத்திரி படுத்தா கூடுதுங்க ஐயா."

"அப்ப நான் ஒன் லயத்து வீட்டுல வந்து படுக்கவா?"

வாங்கிலிருந்தோர் சிரித்தனர். சில நாள்களில் தம்பி உறக்கத்திலிருந்து எழவேயில்லை. மூளையில் குருதி கசிந்ததென்று பின்னர் அறிந்தோம்.

தாதி சொன்னதைக் கேட்ட கையோடு, அத்தகைய கருவியொன்றை வாங்கித் தம்பி மனைவி செல்விக்கு அனுப்பினேன். லய வரிசை வீடுகளில் வாழ்வோர் முறைவைத்துக் கட்டி உறங்கி, அளவுகளை நகரத்து மருத்துவரிடம் காட்டுகின்றனர். டொக்டரையாவின் சொல்லுக்கு இருந்த மதிப்பு அதனோடு சரிந்தது.

சென்ற வாரம் செல்வி அழைத்தாள்.

"மாமா, அந்தாளே வந்து வாசல்ல நிக்கிறாரு. விடிஞ்சா தலைவலியாம். குடுக்கவா, வெரட்டவா?"

"குடும்மா. ஆனா எல்லாருக்கும் கடைசியா. அதுவரைக்கும் வெளியில ஒக்காரட்டும்."

"பொரு தலைவலியான்னு கேக்கவா?"

"நாலு பேருக்குக் கேக்குறாப்புல கேளு."

இங்கே பட்டை இறுகும் வேளையில் அங்கே பகல், அவர் காத்துக்கொண்டிருப்பார். என் உடல் இந்நாட்டுக் கட்டிலில் கிடக்க, குருதி மட்டும் றக்வானை மலையேறுகிறது. என் அழுத்தமும் இரவில் தாழ மறுக்கிறதாம்.

மருத்துவச் செய்தியில் பிழை காணும் அறிஞர் அன்புகூர்ந்து திருத்துக. என் தம்பியைச் சோம்பேறி என்றோரும் தம் சொல்லைத் திருத்துக. என் வன்மத்தை மட்டும் எவரும் திருத்த வேண்டா.