டாக்டர் கேட்காமல் விட்ட கேள்வி

குளிக்கும்போதுதான் கைக்குத் தட்டுப்பட்டது. வலது விரையில் புளியங்கொட்டை அளவில் கெட்டியாக ஒரு கட்டி. வலி இல்லை. எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. கத்தோலிக்க மறைபரப்புச் சபை ஒன்றின் குருவாக, அரியலூர் பக்கம் ஒரு பங்குக் கோயிலுக்கு வந்து ஓராண்டு ஆகியிருந்தது.

இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணம் ஆனவனாக இருந்தால் மனைவியிடம் சொல்லியிருப்பேன். அந்த இடத்தைப் பற்றி ஒரு சாமியார் யாரிடம் பேசுவது? இதைப் படிக்கும் இளைஞர்கள் என்னைப் போல வெட்கப்பட்டுக் காத்திருக்க வேண்டாம். நான் காத்திருந்த நாட்களில் கட்டி வளர்ந்துவிட்டது.

கடைசியில் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன்; ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு அறுவை சிகிச்சையில் அந்த விரையை அகற்றினார்கள். புற்றுநோய் உறுதியானது. அடுத்தது கீமோ (புற்றணுக்களை அழிக்க ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் மருந்து).

டாக்டர் கனிவானவர். "இந்த மருந்தால குழந்தை பெத்துக்கற வாய்ப்பு குறையலாம். மத்தவங்களா இருந்தா விந்தணுவை முன்னாடியே எடுத்து, உறைய வச்சு, சேமிச்சு வைக்கச் சொல்லுவேன். உங்களுக்குத்தான் அந்தக் கவலை இல்லையே ஃபாதர்" என்று அடுத்த தாளைப் புரட்டினார். நான் தலையாட்டினேன்.

என் அக்கா தன் பிள்ளைகளைக் கீழப்பழுவூரில் கணவரிடம் விட்டுவிட்டு எனக்குத் துணையாக வந்திருந்தாள். திரும்பும்போது பஸ்ஸில் டாக்டர் சொன்னதை அவளிடம் சொன்னேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீ வேணாம்னு சொல்றது வேற தம்பி. அவரே முடிவு பண்ணிக்கிறது வேற."

கல்லூரியில் நான் ஒருத்தியை விரும்பியிருந்தேன். அவளிடம் சொல்லாமலே குருமடத்துக்குப் போனேன். மனைவியையும் பிள்ளையையும் கடவுளுக்காக விட்டுக்கொடுத்தேன் என்று பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறேன். விட்டுக்கொடுக்க ஏதோ இருந்தது என்பதே அந்த பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது.

அடுத்த வாரம், மருந்து ஏற்றத் தொடங்கும் முன், டாக்டரிடம், "அந்தக் கேள்வியை என்கிட்டயும் கேளுங்க டாக்டர்" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "சேமிச்சு வைக்கணுமா ஃபாதர்?"

"வேணாங்க."

வெளியே வந்து கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அது துக்கமா நிம்மதியா என்று இன்றும் தெரியவில்லை.

கீமோ மூன்று சுற்று. முடி கொட்டியது. சோறு வாயில் துரு மாதிரி இருந்தது. பங்கு மக்கள் பழங்களோடு வந்து வாசலிலேயே நின்று, "நல்லாயிடுவீங்க சாமி" என்று சொல்லிப் போனார்கள். தொட்டுப் பேசியவள் அக்கா மட்டும்தான். குமட்டல் வந்தால் நெற்றியைத் தாங்கிப் பிடிப்பாள். மருந்து முடிந்ததும் அவளும் ஊருக்குப் போய்விட்டாள். பிறகு வாரக்கணக்கில் என்னை யாரும் தொடவில்லை. அதைக் கணக்கு வைத்திருந்தேன் என்று சொல்ல இப்போது கூச்சமில்லை.

இப்போது நோய் இல்லை என்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. அதைத் தாண்டி எந்த நாளையும் நான் யோசிப்பதில்லை. முன்பு அவசரமாகக் கழுவி மூடிவிடும் உடம்பை இப்போது நிதானமாகத் தடவிப் பார்க்கிறேன்.

போன ஞாயிறு ஒரு குழந்தையைக் கையில் வாங்கி ஞானஸ்நானம் கொடுத்தேன். தண்ணீர் ஊற்றியதும் சிலிர்த்து என் அங்கியைப் பற்றிக்கொண்டது. தாய் கை நீட்டினாள். நான் உடனே கொடுக்கவில்லை. அவளும் அவசரப்படுத்தவில்லை.