தடிச்சு வந்த எழுத்து

ராசமலர் வெள்ளிக்கிழமைகளில திருகோணமலை டவுனுக்குப் போறது கோயிலுக்கெண்டுதான் சாம்பல்தீவுச் சனம் நினைச்சுது. கோயிலுக்கும் போறவதான். ஆனால் முதல்ல போறது பஸ் நிலையத்தடியில இருக்கிற ஸெய்னுதீன்ர கொம்யூனிக்கேசன் கடைக்கு. மூலைக் கதிரையில இருந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மகன் எழுதினதை வாசிப்பா. அதுக்குப் பிறகுதான் கடவுள்.

மகன் வேலன். கிணறு, குழாய், தண்ணித்தாங்கி எண்டு வேலை பழகினவன். ரெண்டாயிரத்து ஆறில ஒரு வெளிநாட்டு நிறுவனத்தோட கிளிநொச்சிக்குப் போனான். ஆறு மாசத்தில வாறன் எண்டுதான் சொன்னவன். ஆவணியில சண்டை துவங்கி, கிளிநொச்சிப் பாதையைப் பூட்டினாங்கள். அவன் அந்தப் பக்கம், தாயும் தகப்பனும் இந்தப் பக்கம். பூட்ட முதல் ஒருதரும் வந்து இவையளிட்டக் கேக்கேல்ல.

போறதுக்கு முதல்கிழமை தாயைக் கூட்டிக்கொண்டு வந்து ஸெய்னுதீனிட்டக் காட்டிவிட்டவன் வேலன்தான். ஸெய்னுதீன் கிண்ணியா ஆள், ரெண்டு பிள்ளையளின்ர தகப்பன். போட்டோக்கொப்பி மெசின், வெளிநாட்டுக் கோல், ரெண்டு கொம்பியூட்டர், அவ்வளவுதான் கடை. இன்ரநெற் டெலிபோன் வயராலதான் வரும். லைன் திறந்திருக்கிற ஒவ்வொரு நிமிசமும் செலவு. அதால அவன் ஒரு வழி வைச்சிருந்தான். காலையில ஒருக்கா லைனைப் போடுவான். ரீடர் எண்டு ஒரு புரோகிராம், ஆரோ சீடியில குடுத்தது, அது வாடிக்கைக்காரர் பாக்கிற புளொக்குகளுக்கெல்லாம் போய், புதுசா எழுதினதுகளை இழுத்துக்கொண்டு வந்து போடும். உடன லைனை வெட்டிப்போடுவான். சனம் வந்து ஆறுதலா இருந்து வாசிக்கும்.

ஆளுக்கொரு போல்டர். ராசமலர்ர போல்டருக்கு "சமையல் குறிப்பு" எண்டு பேர். கொம்பியூட்டரைச் சோதிக்க யூனிபோர்ம்காரர் வந்து போற காலம். சமையலை ஒருதரும் திறந்து பாக்கமாட்டினம் எண்டு ஸெய்னுதீன்தான் அந்தப் பேரை வைச்சவன்.

"அம்மா, நான் எழுதினால் தலைப்பு இதில தடிச்ச எழுத்தில நிக்கும்," எண்டு வேலன் திரையைத் தொட்டுக் காட்டினான். "நீங்க வாசிச்ச உடன மெலிஞ்சுபோயிரும். தடிச்சு நிண்டால் நான் சுகமா இருக்கிறன். விளங்கிச்சோ?"

"நீ கொஞ்சம் தடிச்சால் காணும் எனக்கு. எலும்பெல்லாம் தெரியுது."

ஸெய்னுதீன் சிரிச்சுப்போட்டான். "அக்கா, அதுக்கு இன்னும் புரோகிராம் வரல்ல."

வேலன் "சாம்பல்தீவான்" எண்ட பேரில புளொக் எழுதினான். அதைத் தொடர்ந்து வாசிச்சவை கொஞ்சப்பேர்தான், ஆனால் ஒவ்வொருதரும் ஒவ்வொரு மாதிரி. பென்சன் எடுத்த வங்கிக்காரர் ஒருத்தருக்கு ரீடரில நம்பிக்கை இல்லை. கிழமைக்கொருக்கா வந்து, விலாசத்தை ஒவ்வொரு எழுத்தாத் தட்டி, நேர பக்கத்துக்குப் போய்ப் பாப்பார். "மெசின் எனக்குத் தெரியாம எதையாவது ஒளிச்சால்?" எண்டுவார். ரொறன்ரோவில வேலன்ர கூட்டாளி ஆனந்தராசா இமெயிலில எடுத்தவன். டவுனில ஓர்ஸ் ஹில் பக்கம் ஒரு ஒபிசில வேலை செய்த குணமணி கூகுள் ரீடரில வாசிச்சவள். குணமணி வேலனோட ஒண்டாப் படிச்சவள். ராசமலரை மாமி எண்டுதான் கூப்பிடுவாள். அந்த மாமிக்குள்ள என்ன இருக்கெண்டு ராசமலருக்குத் தெரியும். ஒருதரும் வாய் திறந்து கதைக்கேல்ல. அவன் வரட்டும் எண்டு விட்டிருந்தது.

சண்டையைப் பற்றி அவன் ஒரு வரி எழுதினது கிடையாது. கிணறு வெட்டேக்க வந்த ஆமை, ஒபிசுக்குப் பின்னால குட்டிபோட்ட நாய், கருவாட்டுக் குழம்புக்கு எந்தப் புளி நல்லது, இதுகள்தான். ராசமலர் அதுக்குள்ளால மற்றதை வாசிக்கப் பழகியிருந்தா. சாப்பாட்டைப் பற்றி நீளமா எழுதினானெண்டால் பசியோட இருக்கிறான். பகிடி கூடினால் பயந்துபோய் இருக்கிறான். வீட்டை வந்து புருசன் கதிராமனுக்குச் சொல்லுவா. கதிராமனுக்குக் கடல் தெரியும், கையெழுத்து வைக்கத் தெரியும், வாசிக்கத் தெரியாது. வலைக்குப் பக்கத்தில குந்தியிருந்து கேப்பார்.

"மீன்சொதியைப் பற்றி எழுத இவனுக்கு வெள்ளைக்காரன்ர மெசின் வேணுமோ?" எண்டுவார். ஆனால் வெள்ளிக்கிழமைப் பின்னேரம் எங்கயும் போகமாட்டார்.

ரெண்டாயிரத்து எட்டு புரட்டாசியில வெளிநாட்டு நிறுவனங்களையெல்லாம் வன்னியை விட்டு வெளிக்கிடச் சொன்னாங்கள். வெள்ளையள் வெளிக்கிட்டிச்சினம். உள்ளூர் ஆக்கள் நிண்டிச்சினம். அதோட ஒபிசும் இல்லை, இன்ரநெற்றும் இல்லை. "சமையல் குறிப்பு" போல்டரில எல்லாம் மெலிஞ்ச எழுத்து. ராசமலர் ஒரு வெள்ளிக்கிழமையும் விடேல்ல. வந்து, இருந்து, மெலிஞ்சதுகளைப் பாத்துப்போட்டுப் போவா. ஸெய்னுதீன் காசு வாங்கினதில்லை.

மாசியில செஞ்சிலுவைக் கப்பல் காயக்காரரை ஏத்திக்கொண்டு திருகோணமலைக்கு வந்தது. பேப்பரில "மீட்கப்பட்ட மக்கள்" எண்டு போட்டிருந்தது. மீட்ட சனத்துக்கு ஆஸ்பத்திரி வாசலில துவக்கோட காவல் எதுக்கெண்டு பேப்பரில போடேல்ல. காயப்பட்டு வந்ததில ஒருத்தன் திரியாய் ஊர் வீரக்குட்டி, கதிராமனுக்குத் தூரத்துச் சொந்தம். சாப்பாட்டுப் பார்சலோட கதிராமன் எப்பிடியோ உள்ளுக்குப் போயிட்டார்.

வீரக்குட்டிக்கு ஒரு கால் இல்லை. "அண்ணை, நான் கண்ணால காணேல்ல," எண்டான். "தைக் கடைசியில வேலன் இருந்த பங்கருக்கு மேல செல் விழுந்தது. அதுக்குள்ள இருந்தவை ஒருதரும் பிறகு வெளியில வரேல்ல. அடுத்த நாள் நாங்கள் வெளிக்கிட்டிட்டம்."

கதிராமன் வீட்டை வந்து உள்ளதை உள்ளபடி சொன்னார். ராசமலர் ஒரு சொல்லைப் பிடிச்சுக்கொண்டா. "கண்ணால காணேல்ல எண்டுதானே சொன்னவன்?"

"ஓம். ஆனால்..."

"காணாதவன் என்னத்தைச் சொல்லுறது?"

அவர் சண்டை பிடிக்கேல்ல. பங்குனி பிறந்த உடன ஐயரிட்டப் போய் அந்தியேட்டிக் கிரியைக்கு நாள் கேட்டார். அந்தியேட்டி செய்தால் அதோட முடிஞ்சுது. பேருக்கு முன்னால அமரர் வந்திரும், படத்துக்கு மாலை வந்திரும், ஆரும் வருவான் எண்டு கதைக்க ஏலாது. "அவன்ர ஆத்மா அங்க மண்ணுக்குள்ள கிடந்து அலையக்கூடாதப்பா," எண்டார். ராசமலர் அதுக்கு அரிசி, காய்கறி எண்டு சாமான் வாங்க டவுனுக்கு வந்தா. வெள்ளிக்கிழமை. கால் தானாக் கடைக்குப் போச்சுது.

ஸெய்னுதீன் வாசலிலயே நிண்டான். "அக்கா, ஓடி வாங்க! தடிச்சு இரிக்கி!"

நாலு தலைப்பு. நாலும் தடிச்ச எழுத்து. பக்கத்தில அண்டைக்குத் திகதி. முதலாவதை ஸெய்னுதீன்தான் அமத்தித் திறந்துவிட்டான். ஒண்டும் முந்தி வாசிச்சதில்லை. எல்லாம் புதுசு. அவன்ர சொல்லு, அவன்ர பகிடி. ஒண்டில தறப்பாள் கூடாரத்துக்கு மேல மழை பெய்யிற சத்தம். ஒண்டில அம்மா வைக்கிற சூடைமீன் சொதி. கடைசி வரி: வாற சித்திரை வருசப் பிறப்புக்கு எப்பிடியும் ஊரில நிப்பன்.

சித்திரைக்கு இன்னும் மூண்டு கிழமைகூட இல்லை.

அரிசியும் வாங்கேல்ல, காய்கறியும் வாங்கேல்ல. நேர வீட்டை போய், வளவில நிண்ட கதிராமனிட்ட மூச்சு வாங்கச் சொன்னா. அவர் நம்பேல்ல. திரும்பச் சொல்லச் சொன்னார். மழையைச் சொன்னா, சொதியைச் சொன்னா, சித்திரையைச் சொன்னா.

"இண்டைக்குத் திகதியோ? வடிவாப் பாத்தனீரோ?"

"இண்டைக்குத்தான். ஸெய்னுதீன் தம்பியும் பாத்தவர்."

மனுசன் கிணத்துக்கட்டில இருந்துபோட்டார். பிறகு எழும்பி சேட்டொண்டைப் போட்டுக்கொண்டு ஐயரிட்டப் போய் அந்தியேட்டியை நிப்பாட்டிப்போட்டு வந்தார். வரேக்க சைக்கிள் ரியூப் ஒண்டு கையில. வேலன்ர சைக்கிள் மூண்டு வருசமாக் கோழிக்கூட்டுக்குப் பின்னால கிடந்தது.

திங்கக்கிழமை ராசமலர் ஓர்ஸ் ஹில்லுக்குப் போனா. இந்தக் கதையைத் தன்ர வாயால குணமணிக்குச் சொல்லவேணும் எண்டு ஆசை. ஒபிஸ் வாசலுக்கு வந்த குணமணியின்ர கண் வீங்கியிருந்தது.

"பாத்திட்டியோ பிள்ளை? சித்திரைக்கு வாறானாம்!"

"மாமி, இதில இருங்கோ."

"ஏன் இருக்க? சந்தோசத்துக்கு ஆரும் இருப்பினமோ?"

குணமணி கையைப் பிடிச்சு உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தன்ர திரையைக் காட்டினாள். அதே நாலு தலைப்பு. அதே மழை, அதே சொதி. திகதி மட்டும் வேற. போன வருசம், ரெண்டாயிரத்து எட்டு, மாசி.

"உன்ர பெட்டி பிழை," எண்டா ராசமலர்.

"இல்லை மாமி. ஸெய்னுதீன் அண்ணைன்ர ரீடர் தனக்கு வந்து சேந்த திகதியைப் போடும். இது எழுதின திகதியைப் போடும். போன வருசம் எழுதி, அனுப்பாமல் வைச்சிருந்திருக்கிறார். வேலன்ர பாஸ்வேர்ட் ஆனந்தராசாவிட்ட இருக்கு. அவர்தான் உள்ளுக்குப் போய் அனுப்பியிருக்கிறார். நான் எழுதிக் கேட்டனான். 'அவன்ர எழுத்து ஒண்டும் வீணாப் போகக்கூடாதெண்டுதான் போட்டனான்' எண்டு பதில் போட்டிருக்கிறார். நாங்கள் இப்பிடி நினைப்பமெண்டு அவருக்கு..."

"நீ வாயை மூடு."

ராசமலர் கடைசி வரியைத் திரும்ப வாசிச்சா. வாற சித்திரை எண்டு அவன் எழுதின சித்திரை வந்து போய் ஒரு வருசமாகப் போகுது.

ஸெய்னுதீனிட்டயும் போனா. அவன் லைனைப் போட்டு, வங்கிக்காரர் மாதிரி விலாசத்தை ஒவ்வொரு எழுத்தாத் தட்டி, நேர பக்கத்துக்கே போனான். அங்கயும் மாசிதான். அவன் கதிரையை விட்டு எழும்பி நிண்டான். "அல்லாவே. நான்தான் உங்களக் கூப்பிட்டுக் காட்டின. நான்தான் அக்கா."

"நீ என்ன செய்யிறது தம்பி? தடிச்சுத்தானே நிண்டது."

பஸ்ஸில வரேக்க எப்பிடிச் சொல்லுறதெண்டு யோசிச்சுக்கொண்டு வந்தா. நேர சொல்லிப்போடுறது. மனுசன் தாங்கும். ஐயரிட்டத் திரும்பப் போகலாம். அவன் மண்ணுக்குள்ள அலைய ஏலாது, அது சரி. படலையைத் திறந்தா. வளவுக்குள்ள சைக்கிள் தலைகீழா நிண்டது. கதிராமன் பெடலைக் கையால சுத்திவிட்டு, சில்லு ஓடுறதைப் பாத்துக்கொண்டு இருந்தார். கையெல்லாம் கிறீஸ். சிரிக்கிறார். வருசக்கணக்கில காணாத சிரிப்பு.

"அவனுக்குச் சீற் கொஞ்சம் உயத்தவேணும் என்ன? வளந்திருப்பான்."

"முப்பது வயசில ஆர் வளருறது?" எண்டா ராசமலர். குரல் தானா வந்தது. குசினிக்குள்ள போய் அடுப்பை மூட்டினா. விறகு நல்லாக் காஞ்ச விறகு. இருந்தும் புகையெண்டு சொல்லிக் கண்ணைத் துடைச்சா.

சொல்லேல்ல. அண்டைக்கும் சொல்லேல்ல, அடுத்த நாளும் சொல்லேல்ல. வெள்ளிக்கிழமை டவுனுக்குப் போய் வந்து, நாலில சொல்லாமல் மிச்சமிருந்த ஒண்டைப் புதுசெண்டு சொன்னா. சித்திரை பிறந்தது. வாசலில ஆளில்லை. "பாதை திறக்கேல்ல, அதுதான்," எண்டார் கதிராமன். அவரே காரணமும் கண்டுபிடிச்சார். பிறகு அவ பழசுகளை எடுத்தா. நாய் குட்டிபோட்டதை, கருவாட்டுப் புளியை, கொஞ்சம் ஆளை மாத்தி, இடத்தை மாத்திச் சொன்னா. ஒரு செத்த பிள்ளையைக் கிழமைக்கொருக்கா உசுப்பி எழுப்பிற வேலை. செய்யவும் ஏலாது, விடவும் ஏலாது.

வைகாசியில சண்டை முடிஞ்சுதெண்டு டவுனில வெடி கொளுத்தினாங்கள். பாற்சோறு குடுத்தாங்கள். அந்த வெள்ளிக்கிழமை ராசமலர் கோயிலுக்குப் போகேல்ல, கடைக்கு மட்டும் போனா. வீட்டை வந்தா. கதிராமன் வழமை மாதிரி வலைக்குப் பக்கத்தில குந்தியிருந்தார். சைக்கிள் துடைச்சபடி சுவரோட நிண்டது.

"எழுதியிருக்கிறானோ?"

"ஓம். எழுதியிருக்கிறான்."

"என்னவாம்?"

"ஒரு பள்ளிக்கூடத்தில கிணறு வெட்டினவையாம். தண்ணி வரேல்லயாம், வெறும் சேறாம். விடுவம் எண்டு இருக்கேக்க கீழ ஏதோ அசைஞ்சுதாம். பாத்தால் ஆமையாம்..."

கதிராமன் வலைக்குள்ள ஒரு முடிச்சை நகத்தால கிளறிக்கொண்டு இருந்தார். நிமிரேல்ல.

"உதை முந்தியும் ஒருக்கா எழுதினவன்," எண்டார்.

தூரத்தில டவுன் பக்கம் வெடிச்சத்தம். ஒரு வெடி, பிறகு ஒரு கொத்து.

"பரவாயில்லை," எண்டார். "நீர் சொல்லும்."

"எங்க விட்டனான்..."

"ஆமை வாளிக்குள்ள ஏறி இருந்தது. பெடியள் இழுக்க இழுக்க மேல வந்தது."

அவ இன்னும் அந்த இடத்துக்கு வரேல்ல.

"ஓம்," எண்டா ராசமலர். "வாளிக்குள்ள ஏறி இருந்ததாம்." அவருக்குப் பக்கத்தில இருந்து, வலையின்ர மற்றத் தலைப்பைக் கையில எடுத்துக்கொண்டு, மிச்சத்தைச் சொன்னா.